பாராட்டுக்குச் சில்லறை இல்லை

கையால் படம் எழுதிப் பிழைக்கிறவர்கள் சார்பில் ரிசர்வ் வங்கிக்கு ஒரு விண்ணப்பம். பாராட்டைச் செல்லுபடியாகும் நாணயமாக உடனே அறிவிக்க வேண்டும். ‘வாவ்’ ஒன்றுக்கு ஐந்து ரூபாய், ‘தெய்வீகக் கை’க்கு ஐம்பது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு ‘இந்தக் கலையெல்லாம் அழியவே கூடாதும்மா’ என்பதற்கு இருநூறு என்று மாற்று விகிதம் குறித்துவிட்டால் போதும். ஒரே கண்காட்சியில் நான் வருமான வரி கட்டும் உயரத்துக்குப் போய்விடுவேன். வீட்டுக்காரருக்கு வாடகையாக நாலு ‘அமேசிங்’, மளிகைக் கடை அண்ணாச்சிக்கு மூன்று ‘செம’. அண்ணாச்சி வாங்குவாரா என்பது சந்தேகம்தான். அவர் துவரம்பருப்பு விற்கிறவர். ‘பருப்பு அவ்வளவு அழகா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டு யாரும் அவர் கடையைவிட்டு நகர்ந்ததில்லை.

நான் பருத்தித் துணியில் மூங்கில் கலம் பிடித்துக் கலம்காரிப் படம் எழுதுகிறவள். அவற்றில் சிலவற்றைத் தாளில் அச்செடுத்து, எண் போட்டு, கையெழுத்திட்டும் விற்கிறேன். சென்னைக் கண்காட்சிகளில் மேசை பிடிப்பேன். மேசை வாடகை ஒரு மாத மளிகையை விழுங்கும். மின்விசிறிக்குத் தனி, பிளக் பாயிண்டுக்குத் தனி. எதிரே மண் குவளையில் காபி விற்கும் தம்பியிடம் முந்நூறு ரூபாயை மறுபேச்சில்லாமல் நீட்டிவிட்டு, மேலுதட்டு நுரையோடு என் மேசைக்கு வருகிறார்கள் கலாரசிகர்கள்.

“கையால வரைஞ்சதா?”

“ஆமாங்க.”

“பிரிண்ட் இல்லையே?” நகத்தால் சுரண்டுகிறார்.

“இல்லைங்க.”

“அப்ப மெஷின் செலவே கிடையாது. அப்புறம் ஏன் இவ்வளவு விலை?”

இந்தப் பொருளாதாரத்துக்கு இன்னும் நோபல் பரிசு தராமல் ஸ்வீடன்காரர்கள் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்களோ! மெஷினுக்குக் கரண்டு வேண்டும், எண்ணெய் வேண்டும், தேய்மானம் உண்டு. கைக்கு ஒன்றும் வேண்டாம். தோள்பட்டை தேயாது, கண் மங்காது. வயிறு என்ற உதிரிபாகத்தை எங்களுக்குப் பொருத்தவே இல்லை.

அடுத்தவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். “இந்த மயிலுக்கு ஒரு கண்ணு பெரிசா இருக்கே, டிஃபெக்ட் பீஸா? பாதி விலைக்குத் தர்றீங்களா?” கையால் எழுதியதற்கு ஆதாரம் கேட்டார்கள், ஆதாரம் அந்தக் கண்தான், கண்டுபிடித்ததும் அதற்கே அபராதம். இன்னொருவர் வாயே திறக்கமாட்டார். போனை எடுத்து முந்தானை, கரை, உடல் என்று பகுதி பகுதியாகப் படம் பிடிப்பார். ஏன் என்று கேட்டால், “எங்க டெய்லர்கிட்ட ஒருத்தர் இருக்காரு, அப்படியே போட்டுக் குடுப்பாரு” என்று என்னிடமே சொல்லும் வெள்ளை மனம். ஏழாம் வகுப்பு படிக்கும் தன் மகளும் இப்படித்தான் வரைவாள் என்று அறிவித்துவிட்டு, அவளுக்கு வகுப்பெடுக்க முடியுமா, முதல் வகுப்பு இலவசமா என்று கேட்பவர்கள் தனி ரகம்.

அச்சுப் பிரதிக்கு வேறு நியாயம். ஐம்பதில் ஏழு என்று பென்சிலில் எழுதியிருந்தால், “ஒண்ணாம் நம்பர் இல்லையா?” ஐம்பதில் ஐம்பது என்றால், “கடைசிப் பீஸ்தானே, குறைச்சுக் குடுங்க.” சட்டத்துக்கு இரண்டாயிரம் கொடுப்பார்கள். அது மரம், மரத்துக்கு விலை உண்டென்று ஊரறியும். அதற்குள் இருக்கும் படத்தைத்தான் சும்மா வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேரம் பேசுகிறவர்கள் கணக்கும் தெரிந்துகொள்ளட்டும். கோடித் துணியை அலசிக் கஞ்சி போக்க வேண்டும். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் முக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துவைக்கும், பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. கருப்புக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளித்துக் காடியாக வேண்டும். அந்த வாடையைத் தாங்கும் பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டும். கலத்திலிருந்து வெளிறி இறங்கும் அந்தக் காடி, துணியிலுள்ள கடுக்காயைத் தொட்டதும் கறுக்கும். சிவப்பைச் சிவப்பாக எழுத முடியாது. நிறமே இல்லாத படிகார நீரால் எழுதி, சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அதாவது இலை எங்கே, இதழ் எங்கே என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலே பாதிப் படத்தை எழுதியாக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் ஓடும் தண்ணீரில் அலசல். நான் சென்னையில் இருப்பதால் ஓடும் தண்ணீர் லாரியில் ஓடிவருகிறது, லாரிக்காரர் இதுவரை என் மயிலைப் பாராட்டிவிட்டுக் காசை விட்டதில்லை.

கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். தஞ்சை நாயக்கர்களும் மராத்தியரும் வளர்த்த மரபு. கோயில் விதானம், தூண் தூணாகத் தொங்கும் தொம்பை, தேர்ச்சீலை எல்லாம் அவர்கள் கைவண்ணம். இன்று பல கோயில்களில் அந்த இடத்தில் மெஷினில் அச்சடித்த துணி தொங்குகிறது, வாசலில் பிளக்ஸ். விலை மலிவு என்று காரணம் சொல்வார்கள். உள்ளே இன்னொரு காரணம் உண்டு. கலம்காரி விதானத்தில் சாமி மட்டும்தான் வரும். பிளக்ஸில் உபயதாரர் வருவார், அவர் மச்சான் வருவார், வட்டச் செயலாளர் வருவார், மூலையில் தபால்தலை அளவில் சாமியும் வருவார். 2021இல் இந்த மரபுக்குக் கருப்பூர் கலம்காரி ஓவியம் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாள்கள் மகிழ்ந்தன, அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். அந்தக் குறியீட்டைப் பார்த்துவிட்டு எத்தனை கோயில் நிர்வாகங்கள் பிளக்ஸைக் கழற்றின என்று யாராவது சொன்னால் நானும் மகிழ்வேன்.

இந்தத் துணியைத் திருட ஒருகாலத்தில் உழைக்க வேண்டியிருந்தது. 1734இல் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் புதுச்சேரியில் ஓவியர் பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளரிடம் கடுக்காய் முதல் கடைசி அலசல்வரை கேட்டெழுதி பிரான்சுக்குக் கடிதம் அனுப்பினார். தொழில்நுட்பத் திருட்டுதான், ஆனாலும் அந்த மனிதர்கள் பாலின் கொழுப்பு எதற்கு என்பதையாவது தெரிந்துகொண்டார்கள். அதற்கு முன்பே, 1686இல், பிரான்ஸ் எங்கள் துணிக்குத் தடை போட்டிருந்தது. 1759வரை அது நீங்கவில்லை. இங்கிலாந்து 1721இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னால் லண்டன் தெருக்களில் காலிகோ என்ற நம் பருத்தித் துணியை உடுத்திய பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள் அவ்வூர் நெசவாளர்கள். கொடுமைதான். ஆனால் சோழமண்டலக் கரையில் ஒருவர் கலம் பிடித்தால் ஐரோப்பாவில் பாராளுமன்றம் கூடியது. எங்களைக் கண்டு அவர்களுக்கு வயிறு கலங்கியது. இன்று எங்களைக் கண்டு யாருக்கும் எதுவும் கலங்குவதில்லை, மேசைக்கு எதிரே நின்று போனை நீட்டினால் வேலை முடிந்தது. படம் சூரத்துக்குப் போகும். பாலியஸ்டரில் அச்சாகும். என் கோடு நடுங்கிய இடத்தில் அதுவும் நடுங்கும், சாயம் திட்டுத்திட்டாக நின்ற இடத்தில் அதுவும் திட்டாக நிற்கும். என்னிடம் குறையாக இருந்தது அங்கே ‘ஹேண்ட்மேட் லுக்’ ஆகி விலையை ஏற்றும்.

பெரிய இடத்துப் பழக்கம் மட்டும் வேறாகவா இருக்கிறது? 2018 ஜனவரியில் எல் இந்தியா இதழின் அட்டையில் நடிகை சோனம் கபூர் பாரிசின் கிறிஸ்டியன் டியோர் உடையில் வந்தார். அந்த உடையிலிருந்த யோகாசன உருவங்கள், தில்லியின் பீப்பிள் ட்ரீ கடைக்காக ஓவியர் ஓரிஜித் சென் பல ஆண்டுகளுக்கு முன் வரைந்து அச்சுக்கட்டையில் போட்டவை என்று அந்தக் கடை பகிரங்கமாகச் சொன்னது. கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. பாரிஸ் கடைக்குப் படம் வரையத் தெரிந்தவர்கள் இல்லாமலா? நம்மூர் டெய்லருக்குத் தெரிந்த சூத்திரம்தான் அவர்களுக்கும் தெரியும்: வரைகிறவன் சின்ன ஆள், கேட்க வரமாட்டான், வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேட்க வந்தால் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, படித்திருக்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நான் தாளில் எழுதிய மயில் என் ஆயுள் முழுக்க என்னுடையது. நான் போன பிறகும் 60 ஆண்டு என் வாரிசுகளுடையது. பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடலாம். இனி அதே மயிலை ஸ்கிரீனில் ஏற்றித் துப்பட்டாவாக விற்கிறேன் என்று வையுங்கள். அங்கே 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பாய் விரித்துக் காத்திருக்கிறது. வடிவமைப்பாகப் பதியத் தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, பொருளின்மேல் ஏற்றித் தொழில்முறை உற்பத்தியில் ஐம்பது தடவைக்கு மேல் எடுத்துவிட்டால் பதிப்புரிமை முடிந்தது. ஐம்பது துப்பட்டாவரை நான் கலைஞர். ஐம்பத்தொன்றாவது துப்பட்டா உலர்வதற்குள் என் மயில் ஊர்ச் சொத்து. மைக்ரோஃபைபர்ஸ் என்ற நிறுவனத்தின் சோபாத் துணி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் இந்தப் பிரிவைத்தான் எடுத்துக் காட்டியது. ஐம்பதுக்குள் விற்று அரைப்பட்டினி கிடந்தால் பாதுகாப்பு உண்டு. நாலு காசு பார்க்கத் தொடங்கினால் பாதுகாப்பு போய்விடும். பசித்திருப்பவரை மட்டும் கலைஞராக ஒப்புக்கொள்ளும் ரசனை நம் சட்டத்துக்கு எப்படி வந்ததோ!

சரி, வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்துகொள்வோம், 10 ஆண்டு கிடைக்கும், மேலும் 5 நீட்டிக்கலாம் என்று போனால், அங்கே ஒரு நிபந்தனை. வடிவம் புதிதாக இருக்க வேண்டும், முன்பே வெளியில் காட்டியிருக்கக் கூடாது. நானோ விற்பதற்காக அதை முதல் நாளே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். போடாமல் எப்படி விற்பது? காட்டினால் பதிய முடியாது, பதிந்த பிறகுதான் காட்டலாம் என்றால், எது விற்கும் எது விற்காது என்று தெரியாமலே ஒவ்வொரு மயிலுக்கும், ஒவ்வொரு மாங்காய்க்கும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வக்கீல் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது ஒரு வேலையே இல்லை. என்னைப் போன்றவளுக்கு வரைவதைவிட இதுதான் வேலை.

அரசு எங்களை மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டேன், நாள் குறித்து நினைக்கிறது. முதல் தேசியக் கைத்தறி நாளை 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் பிரதமரே வந்து தொடங்கிவைத்தார். 2020இல் அதே நாள் நெருங்கியபோது கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள், அடுத்த சில நாட்களில் கைவினை வாரியத்தையும் கலைத்தார்கள். 1952இல் பிறந்து கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையில் வளர்ந்த வாரியம் அது. காளஹஸ்தியில் கலம் பிடிக்க ஆளில்லாமல் போகவிருந்த காலத்தில் பயிற்சி மையம் வைத்து அதைத் தூக்கி நிறுத்தியவர் அவர். குறைந்த அரசாங்கம், நிறைந்த நிர்வாகம் என்பது சொல்லப்பட்ட காரணம். வாரியத்தைக் கலைத்த கையோடு, ஆகஸ்ட் 7 அன்று கைவினைக்காகக் குரல் கொடுக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மக்களும் கொடுத்தார்கள். குரல்தானே, செலவில்லை.

“ஆன்லைன்ல விக்கலாமே?” விற்றேனே. தளத்தின் கமிஷன் போக, கூரியர் போக, விளம்பரம் போக மிஞ்சுவதைச் சொன்னால் என் அம்மா அழுவார். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய், சாம்பார் வாசனையோடு ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். தளம் அவர்களுக்கு உடனே பணத்தைத் திருப்பிவிட்டு எனக்கு ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சியே நம் மகிழ்ச்சி’ என்று அஞ்சல் அனுப்புகிறது. 2023 அக்டோபர்வரை இப்படித் தளம் வழியாக ஒரு கைக்குட்டை விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அப்புறம் சிறு விற்பனையாளருக்குத் தளர்த்தினார்கள், சொந்த மாநிலத்துக்குள் மட்டும். ஓசூர்வரை நான் சிறு கலைஞர், அத்திப்பள்ளி தாண்டினால் வணிக நிறுவனம். வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று அச்சுப் பிரதிகளைக் குழாயில் சுருட்டிவைத்திருந்தேன்; 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சிறு பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்தது, நம் அஞ்சல் துறை அந்த நாட்டுக்குப் போகும் பார்சல்களை நிறுத்திவைத்தது. மீண்டும் தொடங்க அக்டோபர் ஆயிற்று. இதற்கு நடுவில் ஏஐ போட்டுக் கொடுத்த படத்தை அனுப்பி, “இதை அப்படியே துணியில எழுதிக் குடுங்க, டிசைன் நாங்களே குடுத்துட்டதால பாதி விலைதானே?” என்று கேட்ட புண்ணியவானும் உண்டு. அந்தப் படத்தில் இருந்த பெண்ணுக்கு ஆறு விரல். ஆறையும் எழுதவா, கூடுதல் விரலுக்குத் தனிக் கட்டணம் ஆகும் என்று பதில் போட்டேன்.

கார்ப்பரேட் பக்கம் போனால் கௌரவம் அதிகம். மகளிர் தினத்துக்கு இருநூறு பேர் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். சன்மானம் என்ற கொச்சையான பேச்சு கிடையாது, லிங்க்ட்இனில் பெயரைச் சேர்ப்பார்கள். துணி வாங்கினாலோ, குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டதை அறியாத கணக்குப் பிரிவு இருக்கும். ‘பில் ப்ராசஸ்ல இருக்கு மேடம்’ என்ற வாக்கியத்தை நான் இதுவரை எழுதிய எந்தப் புராணத்திலும் பார்த்ததில்லை. அதில் எல்லா யுகமும் அடங்கிவிடுகிறது.

எங்கள் பக்கத்துப் புண்ணியவான்களையும் விட்டுவைக்கக் கூடாது. டிஜிட்டல் அச்சை வாங்கி, சணல் கயிற்றில் பழுப்பு அட்டை கட்டி, அதில் ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த கையைப் படமாகப் போட்டு விற்கிறார்கள். பாட்டிக்கும் அந்தத் துணிக்கும் சம்பந்தம் இல்லை. பாட்டிக்குக் காசும் போயிருக்காது. ஃபேஷன் ஷோவின் முடிவில் ஒருவர் வந்து கைகூப்புவார், அது அவர் ‘கலெக்‌ஷன்’. கஜக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு எழுதியவரின் பெயர் துணி ஓரத்தில்கூட இருக்காது. பொட்டீக் வைத்திருக்கும் சில அக்காமார் ‘விற்றால் பணம்’ என்று துணியை வாங்கிவைத்து, விற்ற பிறகும் விற்கவில்லை என்பார்கள். அவர்கள் தோளில் என் துணியைப் பார்த்திருக்கிறேன், நல்ல பொருத்தம்.

சென்ற முறை ஒரு சங்கத்தார் ‘கைவினைச் செம்மல்கள் கௌரவிப்பு விழா’ வைத்தார்கள். நானும் ஒரு செம்மல். தலைவர், கிராமியக் கலைகள் நம் முகவரி என்றார். துணைத் தலைவர், நம் வேர் என்றார். பொருளாளர் பேசவில்லை, அவரிடம்தான் விஷயம் இருந்தது. பொன்னாடைக்குப் பதிலாக, நிகழ்ச்சிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, கலம்காரிச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திய நொடியிலேயே கழுத்தில் அரித்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன்: நூறு சதம் பாலியஸ்டர், சூரத். விரித்துப் பார்த்தேன். ஒரு கண் பெரிதாக, என் மயில்.

“மேடம், போட்டோவுக்குச் சால்வை தெரியுற மாதிரி திரும்புங்க” என்றார் போட்டோக்காரர். திரும்பினேன். நூற்று நாற்பது ரூபாய்க்குக் கிடைத்ததாகத் தலைவர் பெருமையோடு காதில் சொன்னார். அப்புறம் ஏற்புரைக்கு அழைத்தார்கள். இந்தச் சால்வையில் இருக்கும் படம் நான் எழுதியது, என் மேசையில் பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போன மயில் இது, அதை அச்சடித்தவருக்குப் பணம் கொடுத்து வாங்கி என்னைக் கௌரவித்திருக்கிறீர்கள், நான் இங்கே வந்து சேர ஆட்டோவுக்கு முந்நூற்று ஐம்பது ஆயிற்று, அதை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மைக்கில் கேட்டேன்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.